ஒரு மூட்டை அரிசி

டெக்சாஸ் என்றாலே எல்லோரும் ஹூஸ்டன் பக்கத்து சுகர் லேண்ட் பங்களாக்களையும் ஃப்ரீவேயையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எண்பதுகளில் நான் டாக்டராக இருந்த சின்ன ஊரில் ஃப்ரீவே கிடையாது. கோழித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. காற்று திரும்பினால் என் கிளினிக் வரைக்கும் கோழி நாற்றம் வரும்.

அங்கே வேலை செய்தவர்களில் பெண்கள்தான் அதிகம். குளிரூட்டிய கூடத்தில், கொக்கிகளில் தொங்கியபடி வேகமாக நகர்ந்து வரும் கோழியை நாள் முழுக்க ஒரே மாதிரி வெட்ட வேண்டும். பாத்ரூம் போகக்கூட, மேற்பார்வை பார்க்கும் ஃபோர்மனிடம் அனுமதி கேட்க வேண்டும். விரல்கள் மரத்துப்போய் என்னிடம் வருவார்கள். ஓய்வு கொடுக்கச் சொல்லி அனுப்புவேன். மறுநாளே மறுபடி கத்தியைப் பிடித்திருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி யாழ்ப்பாணத்துக்காரி. கலவரத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, சின்ன மகளோடு ஒரு சர்ச் மூலமாக வந்து சேர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பம் பிழிவாள். என் சாம்பாரைத் தண்ணீர் என்று கிண்டல் செய்வாள். ஒரு ஞாயிறு அவளால் இடியப்ப உரலை அமுக்க முடியவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது. வேலையை மாற்றினால் கை பிழைக்கும், இல்லாவிட்டால் போய்விடும் என்று அவளிடமே சொன்னேன்.

நான் புகார் கொடுத்து, அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். கம்பெனி ஆட்கள் யாரும் இல்லாமல் என் கிளினிக்கிலேயே விசாரிப்பதாகச் சொன்னார். மற்ற பெண்கள் பயந்து வரவில்லை. இவள் வந்தாள். ஒருத்தியாவது வாய் திறந்தால் கொக்கிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்ல முடியும் என்றார். மொழிபெயர்க்க நான் உட்கார்ந்தேன். வேலையால் கை வலிக்கிறதா என்று கேட்டார்.

அவள் தலை குனிந்தாள். "வலி இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

"பயப்படாதீங்க. அவங்க ஆளு யாரும் இங்க இல்ல. உண்மைய மட்டும் சொல்லுங்க."

"பயம் இல்லை. நாங்கள் வந்திறங்கேக்கை, சோறு சாப்பிடுற சனம் எண்டு கேள்விப்பட்டு, ஹூஸ்டன் வரைக்கும் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு வந்தவர் அந்த ஃபோர்மன். என்ர பிள்ளை முதல் சாப்பிட்டது அவற்ற அரிசி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டுதானே படிச்சனாங்கள்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரிசி கொடுத்தவன் கையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த ஃபோர்மன் ராட்சசனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அரிசி வாங்கி வந்ததும் அவன்தான், கொக்கிகளை வேகமாக ஓடவிட்டதும் அவன்தான்.

என்ன சொல்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வலி இல்லையாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

சில மாதங்களில் கத்தி அவள் கையில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் இருந்த ட்ரெய்லர் வீடு கம்பெனிக்குச் சொந்தம், அதையும் காலி செய்யச் சொன்னார்கள். டொராண்டோவில் இருந்த அண்ணனிடம் போக முடிவு செய்தாள். புறப்படுவதற்கு முன் மகளோடு சாப்பிட வந்தாள். ஃபோர்மனிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அவனும் கண் கலங்கினானாம்.

சோறு போட்டேன். பிசையப் பார்த்தாள். விரல்கள் கூடவில்லை. எடுத்த சோறு வாய்க்குப் போகுமுன் தட்டிலேயே உதிர்ந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி உதிர்ந்தது. மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கரண்டி தாங்கோ அக்கா" என்றாள்.