அமெரிக்க மூலிகையில் பூத்த பூ

நம் அபார்ட்மென்ட் குரூப்பில் இருக்கிற எல்லோரும் இதைக் கட்டாயம் படியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மருமகள் கொண்டுவந்த எக்கினேசியா விதையைப் பற்றி இங்கே பீற்றினேனே, சளிக்கு அந்த ஊர்க்காரர்களின் பழைய மூலிகை என்று. ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் விதைக்கச் சொன்னாள். "விதைக்கு எதுக்குடி ஏசி?" என்று கேலி பண்ணிவிட்டு, பக்கத்துக் காலிமனை மண்ணை அள்ளித் தொட்டியில் கொட்டி நேராக விதைத்தேன். செடி ஜம்மென்று வந்தது.

இன்று சாயங்காலம் அது பூத்தது.

மருமகள் காட்டிய படத்தில் ஊதாப் பூ. இது வெள்ளையாக, நீளமாக, புனல் மாதிரி இருந்தது. சிவன் கோயிலில் பார்த்த பூ.

ஊமத்தை! மருமகள் தந்த விதை முளைக்கவே இல்லை, முளைத்தது காலிமனை மண்ணோடு வந்த விஷச்செடி.

காலையில்தான் கீழ்வீட்டுக் கமலா அக்கா இருமிக்கொண்டே வந்து, கஷாயத்துக்கு ஒரு கை இலை பறித்துப் போனார். "நல்லா சுண்டக் காய்ச்சு, சளி செங்கல்பட்டு தாண்டி ஓடிடும்" என்று சொல்லி அனுப்பியதும் நான்தான்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிக் கதவை இடித்தேன்.

அக்கா திறந்தார். "இன்னாடி, வூடு பத்திக்கிச்சா?"

"கஷாயம் குடிச்சியாக்கா?"

"எங்க குடிக்கிறது? காலைலயே கேஸ் தீந்துபோச்சு, சிலிண்டர் இன்னும் வர்ல. இலை அப்படியே கீது."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சிலிண்டர் வராததற்குச் சாமி கும்பிட்டவள் தாம்பரத்திலேயே நான் ஒருத்திதான்.

என் தொட்டியிலிருந்து வேறு யாராவது இலை பறித்துப் போயிருந்தால் தொடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள். கேலியெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.