வைஜெயந்தி தலையில் பத்து நாள்

வைஜெயந்தியின் தலையைப் பார்த்ததும் பியூட்டி பார்லர் நஸ்ரியாவின் சீப்பு கொஞ்சம் தயங்கியது. பிறகு உள்ளே போனது. வெளியே வரும்போது மூன்று பல் குறைவாக வந்தது.

"அக்கா, இது முடியா, தேங்கா நாரா?"

"பதினெட்டு வருசமா உப்புக் காத்துல காயுது. வேற எப்டி இருக்கும்?"

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பது வைஜெயந்தியின் வேலை. கூடையிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீரும் வியர்வையும் காற்றும் கூட்டு சேர்ந்து, அவள் பின்னந்தலையில் ஒரு தேன்கூடு கட்டியிருந்தன. தோள்வரை வெட்டிவிடலாம் என்று நஸ்ரியா கத்தரிக்கோலை எடுத்தாள்.

வைஜெயந்தி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். உப்பு சுமக்கிறவளுக்குக் கொண்டை அழகுக்கு இல்லை. கூடைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைக்கிறார்களே சும்மாடு, அது பின்னால் நழுவாமல் முட்டுக்கொடுப்பது கொண்டைதான். இது வெளியே சொல்லும் காரணம். சொல்லாத காரணம், தன் உடம்பில் அவளுக்குப் பிடித்திருந்தது அந்த முடி ஒன்றுதான்.

"பத்து நாள் குடு. தம்பி பொண்ணு மஞ்சத்தண்ணி வர்ற திங்க இல்ல, அடுத்த திங்கக்கெழம. மொத நாள் ஞாயித்துக்கெழம வரேன். அப்பவும் சீப்பு எறங்கலன்னா வெட்டிக்க."

மறுநாளே தயிரில் தொடங்கினாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவன் கண்ணாயிரம் சட்டியைத் திறந்து பார்த்தான்.

"தயிர் எங்க?"

"தலையில."

"ஊறுகாயும் அங்கதான் வச்சிருக்கியா?"

அடுத்து வாழைப்பழம். பிசைந்தவள் வடிகட்ட மறந்துவிட்டாள். இரண்டு நாளைக்கு உப்பளத்து ஈக்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. முட்டை தடவிய அன்று நன்றாகப் போகட்டும் என்று வெந்நீர் ஊற்றினாள். முட்டை பாவம், தனக்குத் தெரிந்ததைச் செய்தது. வெந்துபோனது. உப்பளத்திலும் கூடவே சுமக்கிற பக்கத்து வீட்டு ஜெயா ஒரு மணி நேரம் உட்கார்ந்து துணுக்கு துணுக்காகப் பொறுக்கிப் போட்டாள்.

"மெளகுத்தூள் கொண்டாரட்டா வைஜி?"

"வாய மூடிட்டு பொறுக்குடி."

திங்கட்கிழமை செம்பருத்தி இலையும் ஊறவைத்த வெந்தயமும் அரைத்துப் போட்டாள். ஈரமாக இருக்கும்வரை முடி பட்டு மாதிரி ஏமாற்றியது. காய்ந்ததும் பழையபடி நார். அன்று சாயங்காலம் சீப்பைத் தூக்கி மூலையில் எறிந்தாள். கண்ணாயிரம் கிண்டல் பண்ணாமல் அதை எடுத்து வைத்தான்.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும், கடைசி ஆசையாக, அதே இலையையும் வெந்தயத்தையும் மறுபடி அரைத்து அப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வானம் கறுத்தது. மேஸ்திரி ராஜவேல் போன் செய்தார்.

"ஏம்மா, மழ வருது. உப்பு அம்பாரத்த மூடணும். எல்லாரும் ஓடியாங்க."

உப்பளத்தில் மழை என்றால் தீப்பிடித்த மாதிரி. தலையைக் கழுவ எங்கே நேரம்? பச்சைத் தலையோடு ஓடினாள். காற்று தார்ப்பாயைப் பட்டமாக்கப் பார்த்தது. அவள் ஒரு முனையில் ஏறி நின்றுகொண்டாள். முக்கால் மணி நேரம் மழை அவள் தலையில் கொட்டியது. முதுகெல்லாம் பச்சையாக ஓடியது.

"இன்னாம்மா, கொளத்துல கீது விழுந்தியா? தலையெல்லாம் பாசி" என்றார் ராஜவேல்.

"மழய பாருண்ணா. என் தலைய அப்பறம் பாக்கலாம்."

அன்று ராத்திரி, தலை காய்ந்த பிறகு, நம்பிக்கையே இல்லாமல் சீப்பை வைத்தாள். அது காதுவரை இறங்கியது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் இறங்கியது.

திங்கட்கிழமை போட்ட அதே இலை, அதே வெந்தயம். வேறு என்ன மாறியது? எழுந்து போய், தெருவே குளிக்கும் போர் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். உடனே துப்பினாள். அந்தத் தெருவில் குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். நாள் முழுக்க உப்பிலேயே நிற்கிறவர்களுக்கு அது உப்பாகவே தோன்றியதில்லை.

"யோவ், உப்ப ஊத்திதான்யா உப்ப கழுவிட்டிருக்கறோம்."

கண்ணாயிரம் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "இத கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா எனக்கும் நாலு முடி மிஞ்சியிருக்கும்."

சனிக்கிழமை காலையில் இரண்டு கேன் தண்ணீரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து, குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கினான். வீட்டில் ஏற்கனவே ஒரு கேன் நிறைய இருந்தது.

"எதுக்குய்யா இவ்ளோ?"

"தாகமா இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை நஸ்ரியா புதுச் சீப்போடு காத்திருந்தாள். சீப்பு மேலே இருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. பின்னங்கழுத்துக்குப் பக்கத்தில் நின்றது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். வைஜெயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு சத்தம்.

"அவ்ளோதான்க்கா."

நஸ்ரியாவின் உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு கிடந்தது. மற்றதெல்லாம் இடுப்புவரை இறங்கித் தொங்கியது.

"இன்னாக்கா போட்டீங்க? எந்த கம்பெனி?"

"பாதி செம்பருத்தி. பாதி மழ."

மஞ்சள் நீராட்டு முடிந்து செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனாள். மழைக்குத் தப்பிய அம்பாரத்தை லாரியில் ஏற்ற வேண்டும். கொண்டை போட்டாள், சும்மாடு வைத்தாள். வழுவழுவென்றிருந்த கொண்டை அவிழ்ந்துகொண்டது. மறுபடி போட்டாள், மறுபடி அவிழ்ந்தது.

"கொஞ்சம் உப்புத் தண்ணி தடவு வைஜி, பழையபடி நிக்கும்" என்றாள் ஜெயா.

வைஜெயந்தியும் குனிந்து ஈர உப்பில் இரண்டு விரலை வைத்தாள். கொண்டைவரை கொண்டுபோன விரலை என்ன நினைத்தாளோ, புடவையில் துடைத்துக்கொண்டாள். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளில் மூன்றைக் கழற்றிக் கொண்டையில் குத்தினாள்.

"கூடைய தூக்கி வுடுடி" என்றாள்.