கோப்பைக்கு விட்ட இடம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ரூ பஜோல் தெருவில் இன்று கோயில் தேருக்கு முன்னால் சிதறிய தேங்காய்களின் மணம், கைபேசிக் கடையாகிவிட்ட சிவா மாமாவின் வீடியோக் கடைக்கே என்னைக் கூட்டிப்போனது; படக் கசெட்டுகள் கூரைவரை நெருக்கிக்கொண்டிருந்த அங்கே, எங்கள் கிரிக்கெட் கழகம் வெல்லப்போகும் கோப்பைக்கென அலுமாரியில் ஒரு தட்டை மட்டும் வெறுமையாக விட்டு, தினமும் துடைத்து வைப்பார்.

"எங்கடை பவுலிங்குக்கு முன்னாலை ஆர் நிப்பினம், பிள்ளை?" என்பார், எனக்கு ரோல்ஸ் நீட்டியபடி.

ஓம், அரையிறுதிவரை ஆரும் நின்றதில்லை. அரையிறுதி மட்டும் எப்போதும் தேருக்கு மறுநாள், ரெஸ்ரோறன்ற் வேலைக்காரருக்கு லீவான திங்களில், புறநகரான ஸ்தேன் மைதானத்தில் நடக்கும். முதல்நாள் முழுக்கத் தேர்வடம் இழுத்த எங்கள் வேகப்பந்துக்காரருக்குக் கையைத் தூக்கவே ஏலாது.

"இந்தமுறை வடம் பிடிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோவன், மாமா."

மாமா பதறிப்போனார். "பிறகு ஆரிட்டைப் போய்க் கோப்பை கேக்கிறது, பிள்ளை?"