மீதியை எடுத்துக்கொள்பவர்

“நீங்கோ எல்லாம் மொதல்ல எடுத்துக்கோங்கோபா. மீதி எது கீதோ அத்த நானு எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு பிலிப் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். திரையில் விநாடிகள் குறைந்துகொண்டிருக்கின்றன. அவர் திரையைப் பார்ப்பதில்லை. பந்தி விசாரிக்கிறவர் இலைகளைப் பார்ப்பதுபோல எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

மீதி இருப்பதை அவர் அப்போதே எடுத்துக்கொண்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. எடுக்க மாட்டார். பக்கத்து நாற்காலி இஸ்மாயிலிடம் குனிவார். “பாய், நெசமாவே உனுக்கு ஸ்னைப்பர் ஓகேவா? எனுக்காவ விட்டுக் குடுக்கலியே?” இஸ்மாயில் மரியாதை தெரிந்த பையன். யாராவது இரண்டு முறை கேட்டால் தன்மீதே சந்தேகம் வந்துவிடும். “ஏன்ணா, உங்களுக்கு வேணுமா?” என்று அதை விட்டுவிடுவான். “ஐயோ, எனுக்கு வேணாம்பா. சும்மா கேட்டேன்” என்பார் பிலிப். அதற்குள் கிஷோர் தன்னுடையதை மாற்றியிருப்பான். எல்லாம் முதலிலிருந்து.

விளையாட்டு இதுதான். ஐந்து பேருக்கு ஐந்து பேர், கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை. ஓர் அணி கட்டடத்தைக் காக்கும், இன்னொன்று பிடிக்கப் பார்க்கும். சுற்று தொடங்குமுன் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாய்ந்து சுடுகிற அசால்ட், தூரத்திலிருந்து குறிபார்க்கிற ஸ்னைப்பர், குட்டி ட்ரோனைப் பறக்கவிட்டு எதிரி எங்கே என்று சொல்கிற ஸ்கவுட், விழுந்தவர்களை எழுப்பிவிடுகிற மெடிக், கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போகிற ஷீல்ட். ஒரு வேடம் ஒருவருக்குத்தான். நேரத்துக்குள் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டரே கைக்கு வந்ததைக் கொடுத்துவிடும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் கேமிங் சென்டர். மொட்டையடித்து சந்தனம் பூசிய குடும்பங்கள் லட்டுப் பைகளோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் ஏற வேண்டும். பிலிப் தாண்ட மாட்டார். ஒவ்வொருவரிடமும் “கொஞ்சம் தாரி இய்யண்டி” என்று தெலுங்கில் வழி கேட்டு, அவர்கள் எழுந்தால் “வேணாம் வேணாம், உக்காருங்கோ” என்று தடுத்து, கடைசியில் சுவரை உரசிக்கொண்டு வந்து சேர்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவதால் வெள்ளைச் சட்டையின் தோளில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.

வயது நாற்பதை நெருங்குகிறது. சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பம். இப்போது வடமாலபேட்டையில் வீடு. ஸ்ரீசிட்டியில் சார்ஜர் தயாரிக்கும் கம்பெனியில் எங்களுக்கெல்லாம் சீனியர். நான் அருப்புக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவன். கம்பெனி பஸ்ஸில் அவர் எனக்கு இடம் விட்டு எழுந்து நின்றதில்தான் பழக்கம். நானும் கூச்சப்பட்டு எழுந்தேன். இருவரும் நின்றுகொண்டே புத்தூர் வரை போனோம். அந்த இடத்தில் யாரோ டிபன் பையை வைத்துவிட்டார்கள்.

இந்த மனிதரைக் காலையில் ஃபாக்டரி வாசலில் பார்க்க வேண்டும். யார் எந்த லைனில் நிற்பது என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. சங்கு ஊதி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். “நீ பேக்கிங். நீ ரெண்டாவது லைன். உனுக்கு கண்ணு எரியிதுன்ன இல்ல, சால்டரிங்குப் போவாத, லேபிள் ஒட்டு. நீ ஏம்மா மொறைக்கிற, போ போ.” ஒரு தயக்கம் கிடையாது, ஒரு தப்பும் நான் பார்த்ததில்லை. அடுத்தவர்களுக்கு இத்தனை வேகமாக முடிவு சொல்கிற வாய், தனக்கென்று வரும்போது ஏன் இப்படிக் குழறுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எந்த வேடம் விழுந்தாலும் அவரோடு வேறு தொல்லைகளும் வரும். ஸ்கவுட் கிடைத்தால் ட்ரோனைப் பார்த்து எதிரி இருக்கும் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணமாகத் தமிழில் பேசுகிறவர் பதற்றம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். “குடி, குடி, குடி” என்று ஹெட்போனில் கத்துவார். தெலுங்கில் அது வலப்பக்கம். எனக்கு அது தெரிவதற்கு முன், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டே செத்திருக்கிறேன்.

ஒரு நாள் வடமாலபேட்டையில் அவர் வீட்டில் சாப்பிடும்போது, அவர் மனைவி லீனாவிடம் மெதுவாக முறையிட்டேன். அந்த அம்மா அங்கன்வாடி டீச்சர். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“உங்குளுக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் தம்பி. ஓட்டலுக்குப் போனா ‘உனுக்கு இன்னாவோ அதே எனுக்கும்’னுவாரு. நானு தோசை சொன்னா தோசை துன்னுவாரு. துன்னுக்கினே பக்கத்து டேபிள் பூரியப் பாத்துக்கினு இருப்பாரு. பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்டித்தான். ‘உங்குளுக்குப் புடிச்சிருந்தா எனுக்கும் சம்மதம்’னாரு. நானு அத்த மரியாதைன்னு நென்சிக்கினேன்.”

பிலிப் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஹரிபாபு கதயச் சொல்லுங்கோ, தம்பி கேக்கட்டும்” என்றார் லீனா. அவர் மோர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். லீனாவே சொன்னார். போன வருடம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிக்கு பிலிப்பையும் அவரோடு வேலை செய்த ஹரிபாபுவையும் மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். உங்களில் யார் என்று நீங்களே பேசிக்கொண்டு வாருங்கள் என்றாராம். கதவைத் தாண்டுமுன்பே பிலிப், “ஹரிபாபு எடுத்துக்கட்டும் சார்” என்றிருக்கிறார். ஹரிபாபு ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு பிலிப்புக்கு எந்த நாள் லீவு என்பதை ஹரிபாபுதான் முடிவு செய்கிறார்.

“அவுனுக்கு ரெண்டு பொண்ணுங்கோ” என்றார் பிலிப்.

“நம்ம வூட்ல இருக்கிறது இன்னா, பொண்ணுங்கோ இல்லியா?” என்றார் லீனா. எனக்கு அப்பளம் வேண்டுமா என்று பிலிப் மூன்று தடவை கேட்டார்.

இந்தக் கோடையில் கம்பெனி அணிகளுக்குள் ஒரு போட்டி நடத்தினார்கள். அரையிறுதிவரை வந்துவிட்டோம். வந்ததற்குக் காரணம் கௌசிகா. ஸ்டோர்ஸில் வேலை செய்கிறாள், எங்கள் அசால்ட். அவள் சுட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் கல்யாணம், ஓசூர் போகிறாள். அங்கே போன பிறகு இதெல்லாம் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் இந்தப் போட்டியை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரையிறுதியின் கடைசிச் சுற்று. அதுவரை இரண்டு அணியும் சமம். இஸ்மாயில் ஸ்னைப்பர், கிஷோர் மெடிக், நான் ஸ்கவுட், கௌசிகா அசால்ட். மீதி ஷீல்ட். பிலிப் அதை அமுக்கியிருந்தால் போதும். அவர் கௌசிகா பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீ போற பொண்ணு. கடைசி ஆட்டம். உனுக்கு வேற எதுனா ஆசை கீதா?”

“ஒண்ணும் இல்லண்ணா, ஷீல்ட எடுங்க.”

“இல்ல, மனசுல வெச்சிக்காம சொல்லு.”

இதைக் கேட்டு இஸ்மாயிலுக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. “கௌசிகா, நீ ஸ்னைப்பர் எடுத்துக்கிறியா?” என்று தன்னுடையதை விடுவித்தான். நேரம் முடிந்தது. கம்ப்யூட்டர் பிலிப்பை ஸ்னைப்பராக்கி, இஸ்மாயில் கையில் கேடயத்தைக் கொடுத்தது. இஸ்மாயில் கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்தவன் மாதிரி தடுமாறினான். பிலிப் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்துச் சுட்டார். நாங்கள் தோற்றுப்போக ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

படியில் இறங்கும்போது கௌசிகா நின்றுவிட்டாள். திருமலைக்குப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

“அண்ணா, எங்களுக்காக விட்டுக் குடுக்கிறேன்னு சொல்லாதீங்க. நீங்க எடுக்கறதுக்கு பயப்படறீங்க.”

பிலிப் சட்டைத் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். “நானா எடுத்துத் தோத்தாக்கா, பிலிப்பாலதான் தோத்ததுன்னு ஆய்டும் இல்லம்மா.”

“இப்ப யாரால தோத்தோம்?”

அடுத்த வாரம் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருந்தது. “அன்னைக்கு நீங்கதான் மொதல்ல எடுக்கணும். நீங்க எடுக்கிறவரைக்கும் நாங்க யாரும் எடுக்க மாட்டோம். முடியாதுன்னா வராதீங்க, ஸ்டோர்ஸ்லேர்ந்து வேற ஆளக் கூட்டியாறேன்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் பிலிப் என்னிடம், “தம்பி, நானு வரட்டுமா, வேணாமா? நீ சொல்லேன்” என்று கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கி நடந்தே போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

வந்தார். லீனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார், அல்லது லீனா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்களுக்குப் பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் ஐந்து உருவங்கள் வந்து நின்றன. நாங்கள் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டோம். பிலிப்பின் அம்புக்குறி ஷீல்டுக்குப் போயிற்று. அங்கிருந்து ஸ்கவுட். திரும்பவும் ஷீல்ட். லீனா கைப்பையின் ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தார்.

பிலிப் மெடிக்கை அமுக்கினார்.

“அண்ணா, அதி நாதி” என்று தெலுங்கில் உரிமை கொண்டாடினான் கிஷோர். ஆரம்பத்திலிருந்து மெடிக் அவனுடையது.

“இல்லபா. இது எனுக்கு” என்றார் பிலிப். மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. கிஷோர் வேறு வழியில்லாமல் கேடயத்தைத் தூக்கினான்.

சரி, ஒரு வழியாகத் தீர்ந்தது என்று நினைத்தேன். எத்தனை முட்டாள் நான். தேர்ந்தெடுப்பதற்கே பயப்படுகிற மனிதர், எல்லா வேடங்களிலும் ஓயாமல் தேர்ந்தெடுக்க வேண்டிய வேடத்தைத்தான் பிடித்திருந்தார். இரண்டு பேருக்குக் காயம் என்றால் நடுவில் நின்றுகொண்டு, “யாருக்கு மொதல்ல?” என்று மைக்கில் கேட்பார். “எனக்குப் பரவால்ல, அவனப் பாருங்க” என்று இஸ்மாயில் சொல்லுவான். அவனும் சாவான், அவன் காட்டிய ஆளும் சாவான். எப்படியோ கௌசிகாவின் கையால் கடைசிச் சுற்றுவரை இழுத்துக்கொண்டு வந்தோம்.

கடைசிச் சுற்றில் எதிரணியில் இரண்டு பேர் மிச்சம். இஸ்மாயிலும் கிஷோரும் செத்தாயிற்று; எங்களில் நிற்பது பிலிப் மட்டும். நான் வாசற்படியில் விழுந்து கிடந்தேன், அவர் காலடியில். கௌசிகா உள்ளே, மாடிப்படிக்குக் கீழே. எழுப்புவதற்கு ஒரே ஒரு மருந்துதான் அவர் கையில். எங்கள் இருவருடைய உயிரும் திரையோரத்தில் சிவப்புக் கோடாகக் குறைந்துகொண்டே வந்தது.

“அண்ணே, உங்க கால்கிட்டதான் கெடக்கேன். தூக்குங்க” என்றேன்.

“கௌசிகா, நீ இன்னாம்மா சொல்ற?”

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“யாரு மொதல்லன்னு நீங்களே சொல்லுங்கோபா.”

பின்னாலிருந்து லீனாவின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. “விழுந்து கெடக்கிறவங்கள ஏன் கேக்கிறீங்கோ? அவுங்கோ இன்னா சொல்லுவாங்கோ?”

பிலிப் பேசுவதை நிறுத்தினார். திரையில் அவருடைய மெடிக் என்னைத் தாண்டி உள்ளே போனான். “அண்ணே, அண்ணே” என்று நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும், பக்கத்து நாற்காலிதான். மாடிப்படிக்குக் கீழே போய்க் குனிந்து, கௌசிகாவை எழுப்பும் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். அவள் எழுந்தாள், மிச்சமிருந்த இருவரையும் சுட்டாள். மூன்றாம் இடம் எங்களுக்குத்தான். இஸ்மாயில் நாற்காலியை விட்டுக் குதித்தான் என்றும், கௌசிகா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துக் கண்ணைத் துடைத்தாள் என்றும் பிறகு லீனா சொன்னார்.

நான் அது எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. பொத்தானை அமுக்கிப் பிடிக்க பிலிப்புக்கு வலது கை போதும். சும்மா இருந்த இடது கையை கீபோர்டிலிருந்து எடுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே துழாவி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. என் சிவப்புக் கோடு தீர்ந்து, திரை கறுத்துப்போன பிறகும் அவர் பிடியை விடவில்லை.