அடுத்த மூன்று மாதம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே கடைகள், அதே கேள்விகள். இந்தக் கணக்கெடுப்புதான் என் வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சலூன், லாரி புக்கிங் ஆபீஸ், செல்போன் ரிப்பேர், டியூஷன் சென்டர், இஸ்திரி வண்டி என்று சேவையைச் செய்து பிழைக்கிற தனியார் தொழில்கள் எல்லாம் என் தலையில். வியாபாரம் கூடியதா குறைந்ததா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு டேப்லெட்டில் தட்ட வேண்டும். அதையெல்லாம் கூட்டி, இந்த வட்டாரத்தின் சேவைத் தொழில் இவ்வளவு வளர்ந்தது என்று மேலே யாரோ சொல்வார்கள். கடைசிக் கேள்வி மட்டும் ஜோசியம் மாதிரி. அடுத்த மூன்று மாதம் உங்கள் தொழில் எப்படி இருக்கும்? கூடும், குறையும், அப்படியே இருக்கும். ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தப் பதில்களை வைத்து நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள். எல்லாம் படுத்துடுச்சு என்று மூக்கால் அழுகிறவர் கடை ஜோராக ஓடும். கூடும் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர் பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருப்பாள். என் முகத்தைப் பார்க்காமல், "அப்டியே இருக்கும், போட்டுக்கோ" என்கிறவரிடம்தான் எனக்குப் பயம். அடுத்த தடவை போனால் ஷட்டர் இறங்கியிருக்கும். விம்கோ நகர் ஜெராக்ஸ் கடைக்காரரும் மணலி புதுநகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவரும் இப்படிச் சொன்னவர்கள்தான்.

போன முறை கணக்கை அனுப்பியதும் சூப்பர்வைசர் போனில் கத்தினார். "உன் ஏரியாவுல மூணு கடை மட்டும் எப்படிம்மா இப்படி ஏறும்? தப்பாப் போட்டிருக்கே. மறுபடி போய்ப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன வீட்டில் உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டே தட்டினேனா? வளரவில்லை என்றாலும் திட்டு, வளர்ந்தாலும் திட்டு. ஆனால் அந்த மூன்று கடைகளையும் லிஸ்டில் வரிசையாகப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. ஒன்று, மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் வைக்கிற கிளினிக். இன்னொன்று, ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு விடுகிற இடம். மூன்றாவது, ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக் கடை.

மறுபடி போன அன்று காலையிலும் காற்றில் அந்த கெமிக்கல் நாற்றம் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான். கிளினிக்கில் மாடிப்படி வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலிண்டர்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே பதில் சொன்னார். நான் போட்டது சரிதான். தப்பாக இருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

ஃப்ரீசர் பாக்ஸ் கடை திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. வெளியூர் சொந்தங்கள் வந்து முகம் பார்க்கும் வரை செத்தவர்களைக் கிடத்திவைக்கிற கண்ணாடிப் பெட்டிகள். வேலை இல்லாத பெட்டிகள் சுவரோரமாக அடுக்கியிருக்கும். அன்று சுவர் மொட்டையாக இருந்தது.

"எங்கண்ணா எல்லாம்?"

"கடைக்கே வர்றதில்லமா. ஒரு வூட்லேர்ந்து எறக்கி, தொடச்சி, அப்டியே அடுத்த வூட்டுக்குப் பூடுது. புச்சா ரெண்டு சொல்லிகீறேன்."

தொழில் நன்றாகப் போகிறது என்று சொல்கிறவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"அத்த மட்டும் கேக்காதம்மா."

"கேட்டே ஆகணும்ணா. இல்லாட்டி இது அடுத்த பக்கம் போகாது."

"கூடும்னு எந்த வாயால சொல்றது? இந்தத் தெருவுல கீறவங்களத்தான சொல்றேன்? உன் வூட்டுக்காரரு தெனமும் காலைல இந்த பெஞ்ச்லதான் ஒக்காந்து மூச்சு வாங்கிகினு போறாரு. அவரையும் சேத்து சொல்லச் சொல்றியா?"

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர். கொஞ்ச நாளாக சீக்கிரமே கிளம்பிக்கொண்டிருந்தார், பஸ்ஸில் கூட்டம் என்று காரணம் சொல்லி. வீட்டில் இருமுவார், தூசி என்பார். எக்ஸ்ரே எடுய்யா என்று நான் கரண்டியை ஓங்காத நாள் இல்லை. "அதுல எதுனா வந்துச்சுன்னா காண்ட்ராக்டரு கேட்டுக்குள்ளயே வுட மாட்டான்டி, அப்பறம் இன்னா பண்றது?" என்று பதிலுக்குக் கத்துவார். குழம்பில் உப்பிலிருந்து ஃபேன் சுற்றுகிற வேகம் வரைக்கும் சண்டைதான். கல்யாணமான நாளிலிருந்து மல்லுக்கட்டாமல் அவர் எதையும் ஒத்துக்கொண்டது கிடையாது.

மறுநாள் காலை அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் போனேன். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து தெருமுனை வரை நடந்ததற்கே இந்தப் பாடு. கடைக்காரர் அவர் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார். பின்னால் அந்த மொட்டைச் சுவர்.

"இன்னாடி, வேவு பாக்க வந்தியா?" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

வழியெல்லாம் திட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஊரெல்லாம் கேட்டுப் பழகிய வாய்.

"அடுத்த மூணு மாசம் எப்டிய்யா இருக்கும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் வரிசைகட்டி நின்ற டிரெய்லர் லாரிகளைப் பார்த்தார்.

"அப்டியே இருக்கும், போட்டுக்கோ."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"எந்திரிய்யா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். காண்ட்ராக்டர், கேட், சம்பளம் என்று அவர் எடுக்கப்போகிற ஒவ்வொரு பேச்சுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, சண்டைக்கு நின்றேன். அவர் சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுந்து நின்றார். நான் நடுத்தெருவிலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.