தவிர்க்கலாம் என்று நான் எழுதிய வரி

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கனவுப் பைத்தியம். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போன பிறகுதான் நினைவே வரும். வாங்குகிற சம்பளம் இருபதாம் தேதிக்குள் எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் குடும்ப வரவு செலவு போடச் சொல்லிக்கொடுக்கும்படி தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நீ பட்ஜெட் சொல்லிக்குடுக்கப் போறியாக்கும்! மொதல்ல எங்கிட்ட வாங்குன அஞ்சு ரூவாயக் குடு.”

ஆனால் அந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது. சாயங்கால வெயில் பெஞ்சுகள் மேல் சாய்ந்து கிடக்கும். பழ மண்டிகளில் இருந்து வாழைப்பழ வாசனை ஜன்னல் வழியாக வரும். பாதிப் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நானும் பாதித் தூக்கத்தில்தான் போர்டில் எழுதினேன். மேலே ‘தந்தையின் மாத வருமானம்’. கீழே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று தேவைகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஆசைகள். செலவு வரவைத் தாண்டினால் ஆசையை வெட்ட வேண்டும், அவ்வளவுதான் பாடம். அவரவர் வீட்டுக் கணக்கை எழுதி வரச் சொன்னேன். நான் திருத்தித் தந்த பிறகு அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அறுபத்திரண்டு நோட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து திருத்தினேன். ஆடிக் காற்று. எதிர் மாடியில் காயப்போட்ட சேலைகள் பறந்துகொண்டிருந்தன. தூரத்தில் பசுமலை தெரிந்தது. மனசுக்குள் அந்த மலையடிவாரத்தில் எனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டி, வாசலில் ஒரு வேம்பு வைத்து, அது நிழல் தருகிற அளவுக்கு வளர்ந்தும் விட்டது. கை மட்டும் சிவப்புப் பேனாவைப் பிடித்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நோட்டில் வரவு நூற்று ஐம்பது, செலவு நூற்று அறுபத்தைந்து. கடைசி மூன்று வரியின் தொகை சரியாகப் பதினைந்து வந்தது. மூன்றையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘தவிர்க்கலாம்’ என்று எழுதிவிட்டு, திரும்பவும் மலையடிவாரத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நோட்டுகளைக் கொடுத்தபோது அந்தக் கணக்கை எழுதிய பிள்ளை என் மேஜை அருகே வந்து நின்றாள். நாகமலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

“டீச்சர், இது கண்டிப்பா வேண்டாமா?”

“வேண்டாம்னா வேண்டாம்தான்” என்றேன், அவள் விரல் வைத்திருந்த இடத்தைக்கூடப் பார்க்காமல்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், வராந்தாவில் ஒரு ஆள் பெரிய பரங்கிக்காயோடு காத்திருந்தார். அந்தப் பிள்ளையின் அப்பா. அரிசி மில்லில் வேலை செய்கிறவர். பரங்கிக்காயை என் கையில் வைத்துக் கும்பிட்டார்.

“கொல்லையில காய்ச்சது டீச்சர். நீங்க செஞ்ச உதவிக்கு நான் என்ன செய்யப் போறேன்!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே என்னை நல்ல டீச்சர் என்று பேசுவதாக அதற்குள் ஒரு கனவு ஓடத் தொடங்கிவிட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார்.

“ஒரு மாசமா ஒத்தக் கால்ல நிக்குறா, எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு காலேஜுக்குப் போகணும்னு. மாசம் பத்து ரூவா இப்பவே எடுத்து வைங்கப்பாங்குறா. எனக்கும் ஆசதான். ஆனா எனக்கு என்ன வெவரம் தெரியும்? கணக்குல எழுதிக் காட்டு, டீச்சர் சரின்னு போட்டா செய்வோம்னு சொல்லிட்டேன். நீங்க வெவரமா வேண்டாம்னு எழுதிட்டீக. அவ அத்த மகனும் ரெடியா இருக்கான். பரிச்சை முடிஞ்சதும் கல்யாணத்த முடிச்சிரலாம்.”

பரங்கிக்காய் கையில் கனத்தது. அந்தப் பிள்ளையை நோட்டோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். பிரித்துப் பார்த்தேன். பூ இரண்டு ரூபாய். சினிமா மூன்று ரூபாய். அதற்கும் அடியில், மற்ற எழுத்தைவிடச் சின்னதாக, ‘மேல்படிப்புக்கு 10 ரூபாய்’. மூன்றையும் வளைத்து என் சிவப்பு அடைப்புக்குறி. கீழே அப்பாவின் கையெழுத்து. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதை நான் படிக்கவே இல்லைங்க. தப்பு என்னோடது” என்றேன்.

அவர் நம்பவில்லை. “டீச்சர் எப்பிடிப் படிக்காம எழுதுவாக? புள்ள அழுவாளேன்னு எரக்கப்பட்டுச் சொல்றீக.”

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவர் நோட்டை வாங்கி, நான் கற்றுக்கொடுத்த கணக்கை எனக்கே திருப்பிப் போட்டார்.

“சரி, தப்புன்னே வச்சுக்குவோம். பூவையும் சினிமாவையும் எடுத்தாச்சு. இன்னும் பத்து ரூவா இடிக்குதே. அத எங்கிட்டு வெட்டுறது?”

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இந்த முறை உண்மையாகவே படித்தேன். அரிசி, மண்ணெண்ணெய், பஸ் காசு, காய்ச்சலுக்கு மாத்திரை. வெட்ட ஒன்றுமே இல்லை. பதினைந்து வயசுப் பிள்ளை ஏற்கெனவே எல்லாவற்றையும் குறைத்துத்தான் எழுதியிருந்தாள். நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தேன். கேட்டருகே மர நிழலில் ஒரு அம்மாள் வைக்கோல் போட்ட கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

“அவுக யாரு?”

“எங்க வீட்டுக்காரிதான். கோழி வளக்குறா. முட்டையச் சிம்மக்கல் கடைக்குக் குடுத்துட்டுப் போகணும்.”

“அந்தக் காசு ஏன் வரவுல இல்ல?” என்று பிள்ளையைக் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “நீங்க போர்டுல அப்பா வருமானம் மட்டுந்தான டீச்சர் எழுதிப் போட்டீங்க.”

பளாரென்று அறைந்தது போல இருந்தது. என் அம்மா ஊறுகாய் போட்டு விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். நான் போட்டுக்கொடுத்த கணக்கில் அவருக்கே இடம் இல்லை.

“அது வீட்டுக் கணக்குல வராது டீச்சர்” என்றார் அப்பா. “போன வருசம் மழையில்லாம மில்லு ஓடல, அவ கம்மல் அடகுக்குப் போயிருச்சு. அத மீக்கச் சேத்து வைக்கிற காசு.”

பேச்சு நீளுவதைப் பார்த்து அந்த அம்மாளே வராந்தாவுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். கம்மல் இருக்க வேண்டிய ஓட்டையில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு அவரிடம் முட்டைக் காசைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே மகளைக் கேட்டார்.

“எம்புட்டு வேணுமாம் புள்ள?”

“மாசம் பத்து ரூவாம்மா.”

அவர் கூடை வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“தெனம் ஒரு முட்ட. எழுதுங்க டீச்சர்.”

“அப்ப கம்மலு?” என்றார் அப்பா.

“குச்சி வச்சிருக்கதால காது கேக்காமயா போச்சு? நீங்க பேசுன அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான வாரேன்.” என்னைப் பார்த்துத் திரும்பினார். “எம் வருமானம்னு எழுதுங்க. அவுகளுக்குக் கீழயே எழுதுங்க.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “செவப்புலயே எழுதுங்க டீச்சர்” என்றார். ‘தாயின் மாத வருமானம் 10 ரூபாய்’ என்று எழுதினேன். அடைப்புக்குறியை அடித்துவிட்டு, கடைசி வரிக்கு நேராக ஒரு ‘சரி’ போட்டேன்.

அன்று சாயங்காலம் பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம்தான். ஆனால் என் ஸ்டாப்பில் சரியாக இறங்கினேன். அம்மாவுக்கே ஆச்சரியம். அடுத்த வெள்ளிக்கிழமை போர்டில் தந்தைக்குக் கீழே தாயையும் எழுதினேன். வகுப்பே திடீரென்று விழித்துக்கொண்டது. ஆளாளுக்கு எருமைப் பால், அப்பளம், பூக்கட்டு, களையெடுப்பு என்று கத்தினார்கள். பீரியட் முடிகிற மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போய்த் தபால் ஆபீஸில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். என் பெயரிலும் ஒன்று ஆரம்பித்தேன்.

அவள் காலேஜில் சேர்ந்த அன்று தாயும் மகளுமாக என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் கையில் பணம் கட்டிய ரசீது. அம்மா காதில் அதே ஈர்க்குச்சி. கம்மல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “வட்டி கட்டல, முழுகிப் போச்சு டீச்சர்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ரசீதை என்னிடம் வாங்கி இன்னொரு தடவை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, கனவு காணும் புத்தியும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் மளிகைச் சீட்டு கைக்கு வந்தால்கூடக் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன், ஒரு பிள்ளை தன் ஆசையைச் சின்ன எழுத்தில் கூசிக் கூசி அங்கேதான் எழுதி வைத்திருந்தாள் என்பதற்காக.