படி ஏறாத பீரோ

கிளியனூர் பாஞ்சாலி பதினாறு வருஷமாகத் திண்டிவனத்தில் வேங்கடேசனின் பீரோ பட்டறையில் வேலை செய்கிறாள். பற்றவைத்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட்டுக்குத் தயார் செய்ய வேண்டும். பீரோ வண்டியில் போனால் அவளும் கூடப் போவாள். இறக்கும்போது கீறல் விழுந்தால் அங்கேயே பெயின்ட் தொட்டுச் சரிசெய்வாள்.

போன தை மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண வீடு. இரண்டாவது மாடி. நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கியும் படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோ திரும்பவே இல்லை. பெண்ணின் அம்மா அருணா மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டியிலேயே திரும்ப ஏற்றினார்கள்.

மறுநாள் காலையில் பாஞ்சாலி முதலாளியிடம் போனாள்.

"இதோட மூணாவது பீரோண்ணா திரும்பி வர்றது. மாடி மேல மாடி கட்டிக்கினு போறாங்க, படிக்கட்டு குறுகிக்கினு போவுது. நாம அதே ஆறரை அடியில பண்ணிக்கினு இருக்கோம்."

"அப்ப சின்னதா பண்ணலாங்கிறியா?"

"சின்ன பீரோவ யாரு சீரா குடுப்பாங்க? நடுவுல மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டா பிரிச்சிடலாம். கதவு தனி. மேல எடுத்துக்கினு போய் போல்ட்டு போட்டுக்கலாம்."

பற்றவைக்கிற குமரேசனுக்கு இது பிடிக்கவில்லை. "போல்ட்டு போட்டா ஆடும்" என்றான்.

வேங்கடேசன் ஒன்று மட்டும் செய்து பார்க்கச் சொன்னார். குமரேசன் சொன்னபடியேதான் ஆனது. பெயின்ட் அடித்த பிறகு போட்ட துளைகள் மேலும் கீழும் பொருந்தாமல் பீரோ ஆடியது. கதவு உரசியது. துளையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்தது. குமரேசன் சொல்லிக்காட்டாமல் தன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். பாஞ்சாலிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. மத்தியானச் சோற்றைத் திறக்காமல் அந்தப் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அப்படி உட்கார்ந்திருந்தது குமரேசனை என்னவோ செய்திருக்க வேண்டும். அவனே பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஓட்டைய கடைசியா போட்டோம் பாரு, அதான் தப்பு. முதல்ல போட்டு, ரெண்டையும் போல்ட்டால இறுக்கிக்கினு பத்தவெச்சா?"

"அப்புறம் பிரிச்சி பெயின்ட் அடிக்கலாம்" என்றாள் பாஞ்சாலி. "எல்லாத்துக்கும் ஒரே அளவுல ஓட்டை வரணும்."

குமரேசன் கனமான இரும்புத் தகட்டில் அளவாகத் துளைகள் போட்டுக் கொடுத்தான். அதன்பின் எந்தப் பீரோவானாலும் அந்தத் தகட்டை வைத்துத்தான் துளை. வேலையின் வரிசையே மாறிப்போனது. பழகும்வரை ஒரு மாதம் பட்டறையில் ஒரே பேஜாரு.

புதுப் பீரோவோடு விழுப்புரத்தில் அதே வீட்டுக்குப் போனபோது இரண்டே ஆட்கள் போதுமாயிருந்தது. அவர்கள் கீழே இறங்கியதும், முன்பின் தெரியாதவர்களின் படுக்கையறையில் ஸ்பேனரோடு தனியாக நிற்க பாஞ்சாலிக்குக் கூச்சமாக இருந்தது. முதல் போல்ட்டை முடுக்கினாள். பன்னிரண்டும் பொருந்தின. அருணா கதவை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"நீயே வந்து மாட்டினது நல்லதாப் போச்சும்மா. ஆம்பளைங்க நின்னு மாட்டினா ரூமையே ஒழிச்சி வெக்கணும்."

இப்போது வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் பிரிக்கிற பீரோதான். போனில் பெண்கள் "அந்த அம்மாவையே அனுப்புங்க" என்கிறார்கள். பட்டி வேலைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். பாஞ்சாலி இன்று பட்டறையின் ஃபிட்டர்.

போன வாரம் அனந்தபுரத்திலிருந்து ஒருவர், வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவர், மூன்று துண்டாகக் கிடைக்குமா என்று கேட்டார். குமரேசன் முடியாது என்று சொல்லிவிட்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட ஆரம்பித்தான். பாஞ்சாலி இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.